பின்கண்ணாடி மாட்டுற வரைக்கும்

அந்த நாற்காலி ஆடுதுங்க தம்பி, இதுல வந்து உக்காருங்க. உங்களுது எது, அந்த வெள்ளை வண்டியா? முன்கண்ணாடியா? கல்லடிச்சிருச்சுங்களா? பாலக்காட்டு ரோட்டுல டிப்பர் லாரி பின்னால போனா அப்படித்தான். கவலைப்படாதீங்க, உங்க வண்டிக்கெல்லாம் கண்ணாடி இங்கயே அடுக்கி வெச்சிருப்பாங்க. டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள வேலையை ஆரம்பிச்சுருவாங்க.

என்ற வண்டிக்குத்தான் கெடைக்கலை. அதோ, கறுப்பா பெருசா நிக்குது பாருங்க, பின்னால ரெண்டு பேரு குனிஞ்சுட்டு நிக்கறாங்களே, அதுதான் என்ற வண்டி. பின்கண்ணாடி. வெளிநாட்டுல இருந்து வரோணும்னுட்டாங்க. வந்துச்சு. வந்ததுல ஓரத்துல ஒரு கீறல். திருப்பி அனுப்பிப்போட்டாங்க. மறுபடி வந்து, இன்னைக்குத்தான் மாட்டறாங்க. இத்தனை நாளும் பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கிட்டு ஓட்டுனேன். அவினாசி ரோட்டுல சித்தெ வேகமாப் போனாப் போதும், படபடபடன்னு ஒரே சத்தம். பின் சீட்டுல யாரோ உக்காந்து விடாம பேசிக்கிட்டே வர்ற மாதிரி இருக்கும். முதல்ல தொந்தரவா இருந்துச்சு. அப்பறம் பழகிப்போச்சுங்க.

சிக்னல்ல நின்னா பக்கத்து வண்டிக்காரன் தட்டிச் சொல்லுவான், "சார், பின்கண்ணாடி இல்லைங்க"ன்னு. நான் ஓட்டற வண்டில கண்ணாடி இல்லைன்னு எனக்குத் தெரியாதுங்களா? இருந்தாலும் "ஆமாங்க தம்பி, ஆர்டர் குடுத்திருக்குது"ன்னு சொல்லுவேன். சொன்னா உடனே, "எப்படிங்க உடைஞ்சுது"ன்னு கேப்பான். பாதி சொல்றதுக்குள்ள பச்சை விழுந்துரும். ஒருத்தருக்கும் முழுசாச் சொல்ல முடிஞ்சதில்லை.

உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லீங்களே? கண்ணாடி மாட்டற வரைக்கும் நீங்களும் இங்கதான, நானும் இங்கதான்.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. இங்க கணபதி ஏரியால பவுண்டரி வெச்சிருந்தேன், பம்புசெட்டுக்குக் காஸ்ட்டிங் போடறது. இப்ப இல்லை, குடுத்துட்டேன். ஒத்தைப் பொண்ணு, பிரதீபா, அவளுக்கு இரும்பு வேலைல நாட்டமில்லை. கம்ப்யூட்டர் படிச்சா, பெங்களூர்ல வேலை, மாப்பிள்ளையும் அங்கதான். நல்ல மனுசன். என்னைய மாமா மாமான்னு வாய் நெறையக் கூப்புடுவாரு. கூப்புட்டுப்போட்டு ரூமுக்குள்ள போயி லேப்டாப்ப எடுத்துக்குவாரு. வேலை அப்படி.

என்ற ஊட்டுக்காரம்மாவும் அங்கதான் இருக்கறா. வசந்தாமணி. பேரன் பொறந்தப்ப ஒத்தாசைக்குன்னு போனா. ரெண்டு மாசத்துல வந்தர்றேன்னு சொல்லிப்போட்டுத்தான் போனா. பேரன் இப்ப ஸ்கூலுக்குப் போறான்.

அட, நீங்க சிரிக்கறீங்க. ஆனா ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருந்துச்சுங்க. குழந்தைக்குத் தலை நிக்கட்டும்னா. நின்னுச்சு. பல்லு மொளைக்கட்டும்னா. மொளைச்சுது. நடக்கட்டும், பேசட்டும், ஸ்கூல்ல சேத்தட்டும்னா. குழந்தைக விசயத்துல நாம அவசரப்பட முடியுங்களா? நானும் நெருக்கலை. நெருக்கற ஆளும் இல்லை நான். எங்க ரெண்டு பேருக்கும் சண்டைன்னு ஒண்ணு வந்ததே கெடையாது. என்ற பிரெண்டுக ஊட்லயெல்லாம் சட்டி பானை பறக்கும். எங்க ஊட்ல நான் ஒண்ணு சொன்னா அவ சரீன்னுருவா. அவ்வளவுதான். சண்டை வர்றதுக்கு வழியே இல்லை.

இந்த வண்டி வாங்குனதே அவளுக்காகத்தான். பேரன் ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்ச பொறகு போன்ல கேட்டேன், "ஏம் புள்ள, இனியாச்சும் கெளம்பலாமில்ல?" அவ சொன்னா, "இடுப்பு வலிங்க, உங்க சின்ன வண்டில அத்தனை தூரம் உக்காந்து வர முடியாது"ன்னு. நாயமான பேச்சுதான? அடுத்த வாரமே இதைப் பேசி முடிச்சுட்டேன். சீட்டு எப்படிங்கறீங்க, மெத்தை மாதிரி. இடுப்புக்குன்னு தனியா ஒரு பட்டன், அமுத்துனா முதுகுக்கு முட்டுக் குடுக்கும். குளிருக்குச் சூடு பண்ணும், சூட்டுக்குக் குளிரா ஊதும். ஏழு பேரு உக்காரலாம். பொண்ணு, மாப்பிள்ளை, பேரன், சம்பந்தி ரெண்டு பேரு, நாங்க ரெண்டு பேரு. எல்லாரும் ஒண்ணா குலதெய்வம் கோயிலுக்குப் போயிட்டு வரலாம்னு கணக்குப் போட்டுத்தான் வாங்குனேன்.

வாங்கி நேரா பெங்களூருக்கு விட்டேன். அபார்ட்மெண்டு வாசல்ல நிறுத்திப்போட்டுக் கூப்புட்டேன். எறங்கி வந்தா. சுத்திப் பாத்தா. கதவைத் தொட்டுப் பாத்து, "நல்லா இருக்குதுங்க"ன்னா. பேரனைக் கூட்டிக்கிட்டு மார்க்கெட்டு வரைக்கும் ஒரு சுத்து வந்தோம். "உக்காந்தா தூக்கம் வருதுங்க"ன்னு சொன்னா. எனக்கு எத்தனை சந்தோசம்! சரி, துணிமணி எடுத்துக்க, கெளம்பலாம்னேன். கத்திரிக்காப் பையை எடுத்துக்கிட்டு எறங்கிட்டா. "இந்த மாசம் புள்ளைக்குப் பரீட்சை"ன்னா. எல்.கே.ஜி. புள்ளைக்கு என்ன பரீட்சைன்னு நான் கேக்கலை. இப்பல்லாம் பள்ளிக்கூடத்துல எல்லாமே பரீட்சைதானுங்களே.

அண்ணே, இங்க ரெண்டு டீ! தம்பிக்குச் சர்க்கரை போடலாமுங்களா? போடுங்க, போடுங்க.

எங்க விட்டேன்? ஆங், திரும்பி வந்தேன். வந்து ஒரு வாரத்துல போன் பண்ணா. அவளாவே பண்ணா, பாத்துக்குங்க. "ஏனுங்க, அங்க பீரோல என்ற நூல் சேலைக இருக்குது, அடுத்த தடவை வர்றப்பக் கொண்டு வர்றீங்களா?" அடுத்த தடவைன்னு எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கறது? மறுநாளே எடுத்துட்டுப் போயிட்டேன். அப்பறம் ஊறுகாய் ஜாடிகளைக் கேட்டா. அவங்கம்மா குடுத்த இரும்புத் தோசைக்கல்லைக் கேட்டா, அங்க இருக்கறதுல தோசை ஒட்டிக்குதாம். பொறவு பூசை ரூம்ல இருந்த முருகன் படம், குத்துவெளக்கு, அவங்கப்பா அம்மா போட்டோ. போன வருசம் ஆதார் கார்டைக் கேட்டா, அந்த அட்ரஸுக்கு மாத்தி வெச்சுக்கிட்டா அங்க ஆஸ்பத்திரிக்குப் போகக்கொள்ள வசதின்னு. முன்யோசனைக்காரி. எங்க போனாலும் எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணித்தான் வெப்பா.

பொண்ணுதான் சொல்லுவா, "ஏனுங்கப்பா, ஒரு தோசைக்கல்லுக்காக இத்தனை தூரம் ஓட்டிட்டு வர்றீங்க, கொரியர்ல போட்டா வந்துராதா?"ன்னு. கொரியர்காரன் தூக்கிப் போட்டு உடைப்பான்னு சொல்லிருவேன். அத்தனை பெரிய வண்டியை வாங்கி சும்மா நிறுத்தி வெக்க முடியுங்களா? ஓட்டலைன்னா பேட்டரி எறங்கிரும். எங்கயும் போறதுக்கு இல்லாத நாள்ல கூட, மத்தியானம் சாப்பிட்டுப்போட்டு போர்ட்டிகோல வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஏ.சி. போட்டு உக்காந்திருப்பேன். பேட்டரிக்காக. பாட்டு ஓடும். சில நாளு அங்கயே தூங்கிருவேன்.

போறப்ப வண்டி நெறைஞ்சு போகும். வர்றப்ப நான் மட்டும். கிருஷ்ணகிரி தாண்டுனா அந்தக் காலி சீட்டுகளோட பெல்ட்டு கொக்கி ஒண்ணோட ஒண்ணு தட்டிக்கிட்டே வரும். அதை என்னன்னு பாருங்கன்னு சர்வீஸ்ல குடுத்தேன். ஆளு உக்காந்தா சரியாயிரும்னு சொல்லிப்போட்டாங்க.

இப்பக் கண்ணாடிக் கதைக்கு வர்றேன்.

போன தடவை போனப்ப என்ன ஆச்சுன்னா, அபார்ட்மெண்டு வாசல்ல புதுசா ஒரு வாட்ச்மேன். தருமபுரிப் பக்கத்து ஆளு, தமிழ் பேசுனாரு. "எந்த வீட்டுக்குங்க?"ன்னாரு. பிரதீபா ஊட்டுக்குன்னேன். தெரியலைன்னாரு. மாப்பிள்ளை பேரைச் சொன்னேன். அதுவும் தெரியலை. மாடி நம்பரைச் சொன்னதும், "அட, டெய்லரம்மா வீடுங்களா! அப்படிச் சொல்லுங்க"ன்னு கதவைத் தொறந்தாரு.

டெய்லரம்மாவாம்! எனக்கு எப்படி இருந்திருக்கும்? லிப்ட்டுல ஏறுனா ஒரு பொம்பளை, கைல ரவிக்கைத் துணி, அதே மாடிக்குத்தான் வருது. உள்ள போனா ஹால்ல இன்னும் நாலஞ்சு பேரு. பக்கத்து ஊட்டு மெஷினை இரவல் வாங்கிப் போட்டு வசந்தாமணி தெச்சுக்கிட்டு இருக்கறா. கழுத்துல அந்த அளவு டேப்பு தொங்குது. ஒருத்திக்கு ரவிக்கைக் கை வெட்டறது எப்படின்னு சொல்லிக் குடுக்கறா, இன்னொருத்தி ஏதோ கன்னடத்துல சொல்றா, இவளும் கன்னடத்துல ஏதோ சொல்லிச் சிரிக்கறா. எனக்குத் தெரிஞ்சு அவ அப்படிச் சத்தமாச் சிரிச்சதே இல்லை. பெங்களூர்த் தண்ணி ஒத்துக்குது போல இருக்குது.

அவளுக்குத் தையல் தெரியும்ங்க. கண்ணாலத்துக்கு முன்னாலயே படிச்சுச் சர்டிபிகேட் வாங்குனவ. சீர்ல கால் மெஷின் ஒண்ணு கொண்டு வந்தா. வந்த புதுசுல அக்கம்பக்கத்துப் பொம்பளைகளுக்கெல்லாம் தெச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தா. சாயங்காலமானா ஹால்ல ஒரே கூட்டம். அந்நேரம் பார்ட்டிக என்னையப் பாக்க வருவாங்க, பேங்க் மேனேஜர் வருவாரு. பவுண்டரி ஓனர் ஊட்ல ரவிக்கைத் துணியும் கையுமா பத்துப் பேரு நின்னா நல்லாவா இருக்கும்? ஒரு நாளு சொன்னேன், "உனக்கு இனி இது தேவையில்லை புள்ள. நான் சம்பாதிக்கறேன், நீ நிம்மதியா இரு." மறுநாளே மெஷினை மாடிப்படிக்கு அடில தள்ளிப்போட்டு ஒரு பூப்போட்ட துணியைப் போத்தி வெச்சுட்டா. ஒரு வார்த்தை எதுத்துப் பேசலை. அப்படிப்பட்டவ. அது மேல நாங்க டெலிபோனை வெச்சிருந்தோம். நல்ல தோதான உயரம்.

அதனாலதான் அன்னைக்கு எனக்கு ஆச்சரியமாப் போச்சு. இருந்தாலும் வெளியாளுக முன்னால ஒண்ணும் பேசலை. பேப்பரை எடுத்துக்கிட்டு பால்கனில உக்காந்துட்டேன். எல்லாரும் போன பொறகு கேட்டேன், "எப்ப ஊருக்கு வர்றே? தைல கோயில் நோம்பி வருது, எல்லாரும் போலாம்னு இருக்கறேன்." அவ ஊசில நூல் கோத்துக்கிட்டே சொன்னா, "என்ற மெஷினைக் கொண்டாந்து குடுங்க. அப்பறம் பேசிக்கலாம்."

கேட்டீங்களா? மெஷினைக் கொண்டாந்து குடுத்துட்டா அப்பறம் வர்றதைப் பத்திப் பேசிக்கலாம். இத்தனை வருசத்துல அவ இத்தனை தெளிவாச் சொன்னதே இல்லை. அன்னைக்கு வண்டி ஓட்டுனதே தெரியலை எனக்கு, அப்படி வந்து சேந்தேன்.

வந்த கையோட மெஷினைக் கொண்டு போயிரோணும்னு எடுத்தேன். எங்க தெருமொனைல இஸ்திரி போடறவரு, சின்ராசுன்னு பேரு, அவரைத் தொணைக்குக் கூப்புட்டேன். சீட்டையெல்லாம் மடக்கிப்போட்டு ரெண்டு பேருமாத் தூக்கி வெச்சோம். கனம்ங்க, அந்தக் காலத்து இரும்பு. அவரு தள்ளி நின்னு பாத்துப்போட்டு, "ஏனுங்க, மூலை வெளிய வருதுங்க. மேல இருக்கற மெஷினைக் கழட்டிப்போட்டுப் படுக்க வெச்சுக்கலாமுங்க"ன்னாரு.

"இது உங்க தள்ளுவண்டி இல்லீங்க சின்ராசு. இதுல சென்சார் இருக்குது. எதாச்சும் இடிச்சா தானா நின்னுக்கும்."

"அதுக்கில்லீங்க, கண்ணாடி..."

"நீங்க அக்கட்டால தள்ளி நில்லுங்க."

பட்டனை அமுத்துனேன். பின்கதவு மேல இருந்து மெதுவா எறங்குது, பாக்கவே அழகா இருக்கும். எறங்குச்சு, எறங்குச்சு, டப்புன்னு ஒரு சத்தம். கற்கண்டு மூட்டையைக் கவுத்துன மாதிரி போர்ட்டிகோ பூராக் கண்ணாடி. சென்சார் வேலை செய்யலைன்னு சொல்ல மாட்டேன். நின்னுச்சு. இடிச்ச பொறகு நின்னுச்சு.

சின்ராசு வாயைத் தொறந்திருந்தா நானும் ஒண்ணு சொல்லியிருப்பேன். சும்மா குனிஞ்சு மெஷின் மேல கெடந்த தூளையெல்லாம் துண்டால தட்டிவிட்டாரு. மறுபடி ரெண்டு பேருமா எறக்கி ஹால்ல வெச்சோம்.

வசந்தாமணிக்குப் போன் போட்டேன். கண்ணாடி ஒடைஞ்சுருச்சு, நாளைக்கு வர முடியாதுன்னேன். உடனே கேட்டா, "மெஷினுக்கு ஒண்ணும் ஆகலையே?" பாத்தீங்களா? எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு என்ற குரல்லயே கண்டுபுடிச்சுட்டா. அதனாலதான் நேரா மெஷினைக் கேட்டா. இத்தனை வருசம் கூட இருந்தவளுக்குக் குரலு தெரியாதுங்களா?

கண்ணாடி வர்ற வரைக்கும் மெஷின் ஹால்லயே நின்னுச்சு. நின்னுட்டு இருக்கறதைச் சும்மா எதுக்கு விடறதுன்னு டவுன்ஹால்ல இருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டியாந்தேன். துரு எடுத்து, புது பெல்ட்டு போட்டு, எண்ணெய் விட்டுக் குடுத்தாரு. எண்ணெய் ஊறோணும், அப்பப்ப ஓட்டுங்கன்னாரு. எனக்குத் தெக்கத் தெரியாது. நூல் இல்லாமச் சும்மா மிதிப்பேன். டகடகடகன்னு ஓடும். சாயங்காலம் ஊட்ல வேற சத்தம் கெடையாதுங்களா, அதைக் கேட்டா யாரோ இருக்கற மாதிரி இருக்கும். ஒரு நாளு பக்கத்து ஊட்டம்மா காம்பவுண்டு செவுத்துக்கு அந்தப்பக்கம் இருந்து எட்டிப் பாத்து, "வசந்தாக்கா வந்துட்டாங்களா?"ன்னு கேட்டாங்க. இல்லீங்க, நான்தான்னேன். ராத்திரி ஒரு கிண்ணத்துல கொழம்பு குடுத்து விட்டாங்க. எதுக்குக் குடுத்தாங்கன்னே தெரியலை. நான் மெஸ்ல நல்லாத்தான் சாப்பிடறேன்.

வாங்க அன்சாரி தம்பி, முடிஞ்சுதுங்களா? ஒட்டிட்டீங்களா... சரி... பசை காயோணும்... இன்னைக்கு வெளியூரு வேண்டாமா? உள்ளூருக்குள்ள மெதுவாப் போலாம்... பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் எறக்கி விட்டு வெக்கோணும், ஆகட்டும்... தண்ணி அடிச்சுக் கழுவக் கூடாது. சரி. நாளைக்குக் காலைல பெங்களூரு போலாமுங்களா? போலாமா? அது போதும். என்ற ஊட்டுக்காரம்மா காத்துக்கிட்டு இருக்கறா, அதுக்குத்தான் கேட்டேன். இன்னும் கண்ணாடில ஓடற சூட்டுக் கம்பிக்குக் கனெக்சன் குடுக்கோணுமா? குடுங்க, குடுங்க, பொறுமையாப் பண்ணுங்க. எனக்கொண்ணும் அவசரம் இல்லை.

நல்ல பையன். வேலைல சுத்தம். பேச்சுத்தான் கம்மி.

இந்தத் தடவை மெஷினைக் கழட்டிப் படுக்க வெச்சுத்தான் கொண்டு போறேன் தம்பி. அந்த மெக்கானிக் சொன்னாரு, அதுதான் மொறையாம். யாராச்சும் வெவரம் தெரிஞ்சவங்க முதல்லயே சொல்லியிருந்தா இத்தனை தூரம் வந்திருக்காது.

போன் அடிக்குது. அவதான். சித்தெ இருங்க.

ஆங், சொல்லு... முடிஞ்சுட்டே இருக்குது, கடைலதான் இருக்கறேன்... இன்னைக்கு முடியாது, பசை காயோணுமாம். நாளைக்குக் காலைல... மெஷின் நல்லா இருக்குது, நீ பாத்தா அசந்து போயிருவே... ஆமா, பெல்ட்டு மாத்தியாச்சு... நான்தான், வேற யாரு மாத்துவா... என்னது? கிளாஸா?... எந்த ரூமு?... ஓ, கிளப் ஹவுஸ்லயே குடுத்திருக்காங்களா... எத்தனை பேரு சேந்திருக்காங்க?... அடேயப்பா... எப்ப ஆரம்பிக்கறே?... தை ஒண்ணாந்தேதியேவா?... அப்ப நோம்பிக்கு... இல்லை, கேட்டேன்... இல்லை புள்ள, நான் ஒண்ணும் சொல்லலை... நடத்து, நல்லாத்தான இருக்குது... கோயிலுக்கு நான் போயிட்டு வந்தர்றேன். திருநீறு கொண்டாந்து குடுக்கறேன்... என்ன, பேக்கர்ஸ் மூவர்ஸ்லயா? அதெல்லாம் வேண்டாம்னு பிரதீபாகிட்டச் சொல்லு. நானே கொண்டாறேன்... இல்லை, எனக்கு அலைச்சல் ஒண்ணும் இல்லை... சரி... சாப்பிட்டேன், சாப்பிட்டேன்... சரி, வெச்சர்றேன்.

வெச்சுட்டா.

தைல இருந்து தையல் கிளாஸ் எடுக்கறாளாம். அந்த அபார்ட்மெண்டுல ஒரு ரூமே குடுத்துட்டாங்களாம். வாசல்ல அவ பேரு போட்டு போர்டு வெக்கறாங்களாம், பிரதீபா டிசைன் பண்றாளாம். அத்தனை பேரு சேந்துட்டாங்க, பாதில விட்டுட்டு எப்படிங்க வர முடியும்? பொறுப்புன்னு ஒண்ணு இருக்குதுல்ல. நோம்பி அடுத்த வருசமும் வரும்.

நான் அலையறேன்னுதான் அவளுக்கு வருத்தம். பேக்கர்ஸ்ல போட்டு விடுங்க, நீங்க எதுக்குத் தனியா ஓட்டிக்கிட்டு வர்றீங்கங்கறா. சாப்பிட்டீங்களான்னு வேற கேட்டா. நீங்கதான் பக்கத்துல இருந்தீங்களே, நான் சாப்பிட்டேன்னு சொன்னது கேட்டிருக்குமே.

டீயைக் குடிங்க, ஆறிப்போகுது.

என்ன தம்பி, எந்திரிச்சுட்டீங்க? அதுக்குள்ள உங்க வண்டி முடிஞ்சுதுங்களா? கண்ணாடி கைவசம் இருந்தா இப்படித்தான், நொடில முடிஞ்சுரும். ஊட்ல யாராச்சும் காத்திருப்பாங்க, கெளம்புங்க. அட, டீக்கு நான் குடுத்துக்கறேன், நீங்க வாங்க. உங்க வண்டி வரைக்கும் நானும் வர்றேன், எனக்கும் உக்காந்து உக்காந்து காலு மரத்துப்போச்சு.

ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. நாளைக்கு இந்த மெஷினைக் கொண்டு போயி எறக்கிட்டா, அவளுதுன்னு எங்க ஊட்ல ஒண்ணும் இல்லை. தேடிப் பாத்துட்டேன். மேல அட்டாலில, பீரோல, கட்டிலுக்கு அடில, எல்லாத்தையும் தொறந்து பாத்தேன். அவ பக்கத்து அலமாரில தட்டுல விரிச்ச பழைய காயிதத்தைத் தவிர ஒண்ணும் கெடையாது. எல்லாம் நானே கொண்டு போயிக் குடுத்ததுதான். ஒண்ணைக் கூட மறக்காமக் கேட்டிருக்கறா.

அந்த மெக்கானிக்கு மெஷினைப் பிரிச்சுப் போட்டப்ப ஒரு சாமானைக் காட்டுனாரு. பாபின் கேஸுன்னு, நெல்லிக்காய் அளவுகூட இருக்காது, இரும்பு. ஊசிக்கு அடில இருக்கும். கீழ் நூலு அதுக்குள்ள இருந்துதான் வரோணும். அது இல்லைன்னா மெஷின் ஓடும், ஊசி குத்தும், ஆனா தையல் விழுகாது. எத்தனை மிதிச்சாலும் விழுகாது.

அதை இன்னைக்குக் காலைல கழட்டி எடுத்துட்டேன். சின்ன சாமான் பாருங்க, வழில ஆட்டத்துல எங்கயாச்சும் கழண்டு விழுந்துட்டா யாரு தேடறது? ஒரு துணில சுத்தி அவ பக்கத்து அலமாரிலயே வெச்சிருக்கறேன். பத்திரமா இருக்கும்.

நாளைக்கு நான் மெஷினை எறக்கிப்போட்டு வந்தர்றேன். அவ ஆசையா உக்காந்து நூலைக் கோப்பா, மிதிப்பா, மேல் நூலு போகும், கீழ வராது. என்னடான்னு குனிஞ்சு பாப்பா. உடனே போனை எடுத்து என்னையத்தான் கூப்புடுவா. "ஏனுங்க, பாபின் கேஸு அங்கயே இருந்துக்கிச்சு போல இருக்குது, கொண்டு வர்றீங்களா?"ன்னு கேப்பா.

பெங்களூர்ல கெடைக்காதான்னு கேக்கறீங்க. கெடைக்கும். தெருவுக்குத் தெரு கெடைக்கும். ஆனா இது பழைய காலத்து மெஷினுங்க தம்பி, கடைல வாங்கறது இதுக்கு ஒத்து வராது. வராதுன்னுதான் நினைக்கறேன்.